வாரம் ஒருநாள் மஞ்சள் மாத்திரை

முடக்குவாதத்துக்கு முதன்முறையாக மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுக்கப்பட்டவருக்குப் பல நேரம் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை இரவு மாத்திரை போடுகிறார். திங்கள் காலையில் வயிற்றைப் புரட்டுகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, தலை கனக்கிறது. செவ்வாய்க்கிழமை தெளிந்துவிடுகிறது. விரல் மூட்டுகளில் வீக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. காலையில் எழுந்ததும் கையை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது. அடுத்த ஞாயிறும் இதே கதை. ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கிறார். நான்கு திங்கட்கிழமைகள் கெட்டன. வலி துளியும் குறையவில்லை. ஐந்தாவது வாரம் மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடக்கிறது. அதை மருத்துவரிடம் அவர் சொல்வதும் இல்லை.

கையில் இருந்த விவரங்களை வைத்து அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். இந்த மருந்தின் தொல்லை மறுநாளே வந்துவிடும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நடுவில் இப்படியொரு இடைவெளி இருக்கிறது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை, அவ்வளவுதான். நாட்பட்ட நோய்களுக்கான மருந்துகள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பலவும் முதல் வாரத்திலேயே குமட்டலைத் தரும். மனம் லேசாகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் சில மாதங்களில் ஒரு மருந்து உடலுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், அந்த இடைவெளியைக் கடப்பது எளிதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெத்தோட்ரெக்ஸேட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், உலகெங்கும் முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் முதலில் கையில் எடுக்கும் மருந்து அது. அதன் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும்: மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம். வேதியியலில் இவை ஒன்றுக்கொன்று எதிரிகள். ஆனால் இரண்டும் ஒரே மனிதரின் வழிகாட்டலில் நடந்த ஆய்வுகளோடு பிணைந்தவை. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார்; சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியில் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்த துயரமும் அவருக்கு இருந்தது. 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் பல ஆண்டுகள் உழைத்து, 1940இல் லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார்.

அப்போது மருத்துவ உலகைக் குடைந்துகொண்டிருந்த கேள்விகளில் ஒன்று பம்பாயிலிருந்து வந்தது. 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அது குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து எது என்று தெளிவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1941இல் பசலை போன்ற கீரையிலைகளிலிருந்து பிரித்தெடுத்தபோது அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது. சுப்பாராவின் குழு 1945இல் அதை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டியது. ரத்தசோகைக்கும் ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது.

பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த சிட்னி ஃபார்பருக்கு இதே சத்து வேறொரு சேதி சொன்னது. ஃபோலிக் அமிலத்தோடு தொடர்புள்ள பொருள்களைக் கொடுத்தபோது நோய் வேகம் எடுப்பதாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் நோய் தளருமா? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அது உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் போலி மூலக்கூறுகளைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை. ஆனால் ரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பணிந்து பின்வாங்கியதை மருத்துவம் பார்த்துவிட்டது. 1948 ஜூனில் அந்த ஆய்வு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் சற்றே பாதுகாப்பான உறவுக்காரர்தான் மெத்தோட்ரெக்ஸேட்.

1951லேயே அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் குப்னர், அமினோப்டெரின் மூட்டு வீக்கத்தையும் சொரியாசிஸையும் தணிப்பதைக் கவனித்து எழுதினார். அதைக் காதில் வாங்க ஆள் இல்லை. கார்ட்டிசோன் வந்த புதிது. படுக்கையில் கிடந்த முடக்குவாத நோயாளிகள் ஓரிரு நாளில் எழுந்து நடந்தார்கள். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே இரவில் பலன் தரும் மருந்து பக்கத்தில் நிற்கையில் இரண்டு மாதம் கழித்துப் பலன் தரும் மருந்தை யார் சீண்டுவார்கள்? ஸ்டீராய்டை நீண்டகாலம் கொடுத்தால் எலும்பும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என்ன பாடுபடும் என்பது பிறகுதான் புரிந்தது. மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்தில் வேலை செய்கிறது என்று 1980களின் நடுவில் முறையான சோதனைகள் காட்டின. 1988இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. அவசரக்காரர்களால் ஒரு நல்ல மருந்து முப்பதாண்டுக்கு மேல் ஓரமாகக் கிடந்தது.

இனி அந்தத் திங்கட்கிழமைக் குமட்டலுக்கு வருவோம். செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிதாக டி.என்.ஏ. நெய்தாக வேண்டும், அதற்கு ஃபோலேட் தேவை. மெத்தோட்ரெக்ஸேட் அந்தப் பாதையை அடைக்கிறது. ஆகவே, உடலில் எந்தச் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அவைதான் முதலில் திணறும். வாயின் உள்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். பக்கவிளைவுப் பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தால் அது மிரட்டும் பட்டியலாக இருக்காது: வாய்ப்புண், வயிற்றுக் கோளாறு, ரத்த அணுக்கள் குறைதல், முடி கொஞ்சம் மெலிதல். கல்லீரலும் நுரையீரலும் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்காதவை. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூட்டழற்சியைத் தணிப்பதில் மட்டும் மருந்து முக்கியமாக வேறு வழியில் போகிறது. சிறு அளவில், வாரம் ஒருமுறை கொடுக்கும்போது அது செல்களில் அடினோசின் என்ற பொருளைப் பெருகச் செய்கிறது. அடினோசின் அழற்சியை அடக்குகிறது. இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இது. தொல்லையும் பலனும் பெருமளவு வெவ்வேறு பாதைகளில் வருவதால்தான், எதிரியான ஃபோலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தும் மருந்தின் பலன் கெடுவதில்லை. ஆறு சோதனைகளில் கலந்துகொண்ட 624 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய 2013ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு இதை உறுதி செய்தது. ஃபோலிக் அமிலமோ அதன் உறவான ஃபோலினிக் அமிலமோ சேர்த்தபோது குமட்டல், வாந்தி, வயிற்றுவலி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. கல்லீரல் நொதிகள் ஏறுவது நான்கில் மூன்று பங்கு குறைந்தது. மருந்தைப் பாதியில் விட்டவர்களும் பாதிக்கு மேல் குறைந்தார்கள். “அது வெறும் சத்து மாத்திரைதானே” என்று இரண்டாவது பெயரை ஒதுக்கிவிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். சீட்டில் இருக்கும் இரண்டில் எதை விடக்கூடாது என்று கேட்டால், நான் அந்தச் சத்து மாத்திரையையும் சேர்த்தே சொல்வேன்.

வாரம் ஒருமுறைதான் ஏன்? மாத்திரை போட்ட மறுநாளுக்குள் ரத்தத்திலிருந்து மருந்தில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறிவிடுகிறது. செல்களுக்குள் புகுந்த பகுதி அப்படிப் போவதில்லை. செல் அதன்மேல் குளுட்டமேட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்துவிடுவதால் அது வெளியேற முடியாமல் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. முறைத்தண்ணீர் பாயும் வயலை நினைத்துக்கொள்ளலாம். நம் முறை முடிந்த மறுநாள் வாய்க்கால் காய்ந்துவிடும், மண்ணுக்குள் ஈரம் இருக்கும், அடுத்த முறைக்குள் அது வறண்டுவிடாது. செல்களில் அந்த ஈரம் போதிய அளவு ஊறத்தான் இரண்டு மூன்று மாதம் ஆகிறது. குமட்டலோ வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றே வந்துவிடுகிறது.

இதில் ஒரு கொடிய ஆபத்தும் இருக்கிறது. வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிட்டால் செல்களுக்குள் மருந்து வெளியேற வழியின்றிக் குவியும். மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திவிடும். வாயும் குடலும் புண்ணாகும். இப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை இதற்காகவே புதிய விதிகளைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் இங்கே அதிகம் விற்பது ஃபோலிட்ராக்ஸ் என்ற பெயரில். ஃபோலிக் அமிலம் ஃபோல்வைட் என்ற பெயரில். பெயர்கள் ஒரே மாதிரித் தொடங்குகின்றன, மாத்திரைகளும் மஞ்சள். ஒன்றை வாரத்தில் ஒருநாள் போட வேண்டும், மற்றதை வேறு நாட்களில். கண் மங்கிய ஒரு பாட்டி இரண்டையும் மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மருத்துவர் சீட்டிலேயே கிழமையை எழுதித் தர வேண்டும் என்று கேட்கலாம். 2.5 மில்லிகிராமில் தொடங்கிப் பல அளவுகளில் மெத்தோட்ரெக்ஸேட் கிடைப்பதால், ஒவ்வொரு முறையும் அட்டையில் எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டு மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது. ஒரு வாரம் மறந்துபோனால், இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்துப் போடும் பேச்சே கிடையாது.

இணையத்தில் தேடியவர் கண்ணில் முதலில் படுவது “புற்றுநோய் மருந்து” என்ற சொல். உண்மைதான். ஆனால் எலும்புப் புற்றுநோய்க்கு ஒரே தடவையில் கொடுக்கும் அளவு பல கிராம். முடக்குவாதத்துக்கு வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம். அளவு இப்படி மாறும்போது அதை வேறொரு மருந்தாகவே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் இந்தச் சிறு அளவு உண்மையில் எவ்வளவு தொல்லை தரும்? இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து நல்ல பதில் கிடைத்தது. இதய நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் உதவுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,786 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஃபோலிக் அமிலமும் உண்டு. இதயத்துக்குப் பலன் இல்லை என்று 2018இல் தெரிந்தது. பக்கவிளைவுகளின் முழு விவரம் 2020இல் வெளியானது: மருந்து போட்டவர்களில் 87 விழுக்காட்டினர் ஏதோ ஒரு உடல் தொல்லையைச் சொன்னார்கள், போலி மாத்திரை போட்டவர்களில் 81.5 விழுக்காட்டினர்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். புது மாத்திரை தொடங்கிய பிறகு வரும் தலைவலி, அசதி, வயிற்று உப்புசம் எல்லாவற்றையும் நாம் மாத்திரையின் கணக்கில் எழுதுகிறோம். மாத்திரை இல்லாமலும் அவற்றில் பல வந்திருக்கும். அதே ஆய்வில் மருந்துக்கே உரிய தொல்லைகளும் தெளிவாகத் தெரிந்தன: வயிற்றுக் கோளாறு, நோய்த்தொற்று, நுரையீரல் தொல்லை, ரத்த அணுக்கள் குறைதல் ஆகியவை மருந்து போட்டவர்களிடம் கூடுதலாக இருந்தன. “எல்லாம் மனப்பிரமை” என்று தட்டிக்கழிக்கும் மருத்துவரும் தவறு, “எல்லாம் இந்த மாத்திரையால்தான்” என்று முடிவுகட்டும் நோயாளியும் தவறு. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தொல்லை வந்த கிழமையை நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும். மாத்திரைக்கு மறுநாள் வந்து ஓரிரு நாளில் போவது மருந்தால் இருக்கலாம். வாரம் முழுக்கச் சீராக இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கக்கூடும்.

குமட்டல் இன்னொரு விதமாகவும் வரும். சிலருக்கு மாத்திரை போடுவதற்கு முன்பே, அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்த உடனே வயிற்றைப் புரட்டும். இந்த மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மூட்டழற்சிக் குழந்தைகளிடம் இது அதிகம். மூளை நிறத்தையும் குமட்டலையும் முடிச்சுப் போட்டுவிட்டது. அந்தக் குமட்டல் நடிப்பல்ல. அந்த முடிச்சு இறுகுவதற்கு முன் முதல் மாதத்திலேயே குமட்டலைக் குறைத்துவிடுவதுதான் நல்ல வைத்தியம். அதனால்தான் “கொஞ்சநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்ற அறிவுரை எனக்கு உடன்பாடில்லை.

குறைக்க வழிகள் உண்டு. இரவு சாப்பிட்ட பிறகு போட்டுத் தூங்கிவிடலாம். ஃபோலிக் அமிலத்தின் அளவை மருத்துவர் கூட்டலாம். அளவு 15 மில்லிகிராமைத் தாண்டும்போது குடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை. எனவே அன்றைய அளவை மட்டும் காலை, இரவு என இரண்டாகப் பிரித்துத் தரலாம், அல்லது தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாறலாம். குமட்டலுக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை தரலாம். பலன் வரும்வரை உள்ள இடைவெளியைக் கடக்கச் சிறிய அளவு ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பதும் வழக்கம். இவை எல்லாமே மருத்துவர் செய்ய வேண்டியவை; அவருக்குத் தெரிந்தால்தான் செய்ய முடியும். காபியைப் பற்றிப் பலர் கேட்பார்கள். காபியில் உள்ள காஃபீன் அடினோசினை மறிக்கும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. காலை டபராவை விடச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. மது வேறு. அது கல்லீரலில் மருந்தோடு சேர்ந்து கெடுதல் செய்யும்.

கல்லீரலும் மஜ்ஜையும் சத்தமில்லாமல் பாதிக்கப்படக்கூடியவை என்பதால்தான் ரத்தப் பரிசோதனை. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சீரான பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாத்திரை போட்ட மறுநாளே ரத்தம் கொடுத்தால் கல்லீரல் நொதி தற்காலிகமாக ஏறியிருப்பதைப் பார்த்துப் பதற நேரிடும். அடுத்த மாத்திரைக்கு முந்தைய ஓரிரு நாளில் கொடுப்பது சரி. மருந்து வெளியேறும் வழி சிறுநீரகம் என்பதால் அதன் நலத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் முக்கியம். கடும் வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றிய வாரத்தில் மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாக எழுதப்படும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் மஜ்ஜையை நொறுக்கிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக்கடையில் நின்றாலும், “நான் வாராவாரம் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன்” என்று முதலில் சொல்ல வேண்டும். நாட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புசக்திக்காகச் சீந்தில் கொடியைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்.

வாய்ப்புண்ணோடு காய்ச்சல், தொண்டை வலி, விடாத வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காரணமில்லாத ரத்தக்கட்டு, கண் மஞ்சளாதல். இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு மிஞ்சியவர்களுக்கு ஃபோலினிக் அமிலம் முறிமருந்தாக இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் அது பயன்படும்.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பிள்ளை பெறும் வயதிலும் வருகிறது. இந்த மருந்து கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். குழந்தைக்குத் திட்டமிட்டால் சில மாதங்களுக்கு முன்பே, பொதுவாக மூன்று மாதம் முன்பே, நிறுத்தி, கர்ப்பத்தில் பயன்படுத்தக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாமியாரும் கணவரும் சுற்றி நிற்க இதைக் கேட்கப் பல பெண்கள் தயங்குகிறார்கள். மருத்துவரே மற்றவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் நோய் அடங்க வேண்டும் என்பது வாதநோய் மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. அப்படி நடக்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், வேறு மருந்தைச் சேர்ப்பார்கள், அதுவும் போதாதென்றால் விலை அதிகமான உயிரியல் மருந்துகளுக்குப் போவார்கள். ஐந்தாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்தியவர் அதைச் சொல்லாமல் மூன்றாவது மாதம் மருத்துவர் முன் உட்காரும்போது சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வீக்கம் குறையவில்லை, ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கிறது. மருத்துவர் பார்வையில் 10 மில்லிகிராம் போதவில்லை, உடலுக்கு ஒத்தும் போகிறது, 20 எழுதுகிறார். பத்தையே தாங்க முடியாமல் விட்டவர் வீட்டுக்குப் போய், வலி பொறுக்காத ஒரு ஞாயிறு இரவில், அந்த 20ஐ எடுத்துப் போடுகிறார்.